‘வில்ட்’ என்று கேட்டார்கள்

என் அண்ணன் என்னைத் தேடி வந்தால் அவனுக்கு ஏதோ காரியம் ஆகவேண்டியிருக்கிறது என்று அர்த்தம். அப்பாவின் உயிலை வாசித்த நாளிலிருந்து எங்களுக்குள் பேச்சு என்பது சாவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும்தான். புதுக்கடையிலிருந்து அடிக்கடி நாகர்கோவிலுக்கு வருவான், என் தெருமுனையைத் தாண்டித்தான் போவான், கார் நிற்காது. அன்றைக்கு நின்றது. கையில் ஒரு பை ஆப்பிள் வேறு. எனக்கு ஆப்பிள் பிடிக்காது என்பது சின்ன வயதிலிருந்தே அவனுக்குத் தெரியும்.

அவன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை அமெரிக்காவில் இருக்கிறான். இதெல்லாம் ஏற்கெனவே என் காதில் விழுந்த செய்திதான். அன்றைக்கு அவன் புதிதாகக் கொண்டுவந்தது மாப்பிள்ளையின் அப்பாவுடைய ஆசையை. அவர்கள் குடும்பத்துக் கல்யாணங்கள் எல்லாம் பழைய ஆங்கில ஆராதனை முறைப்படிதான் நடக்குமாம். மிஷனெரிமார் காலத்து முறை. அதில் ஒரு சொல்கூட மாறக்கூடாதாம். அமெரிக்காவில் இருக்கும் நண்பர்களெல்லாம் நேரலையில் பார்ப்பார்களாம்.

“அந்தப் பழைய இங்கிலீஷ்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்காரு, கேட்டியா,” என்றான் அண்ணன். “தௌவு, தீ, வில்ட்டுன்னு என்னெல்லாமோ வருகு. எனக்க மோளுக்கு நாக்கு புரளாது. நீ சொல்லிக்குடு. அன்னைக்கி கோயில்ல அவளுக்க பக்கத்துலயே நின்னு, தட்டினா எடுத்துக்குடுக்கணும்.”

“நான் இங்கிலீஷ் படிச்சது தண்டம்னு ஊரு முழுக்கச் சொன்னியே?”

“இப்ப ஒதவுகுல்லா.”

இப்படித்தான் பேசுவான். நான் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வுபெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இந்த இரண்டு விஷயத்தையும் சேர்த்தே அவன் என்னைப் பற்றி எல்லோரிடமும் சொல்லுவான், ஒன்றுக்கு மற்றது காரணம் என்பதுபோல. காப்பி கொடுக்காமல் அனுப்பிவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் அவன் மகள், அந்தப் பிள்ளை மேல் எனக்குப் பிரியம் உண்டு. சரி என்றேன்.

இந்தப் பழைய ஆங்கிலத்தின் மேல் எனக்கு வெகுநாளாகக் கோபம். எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு அது ஒரு வெள்ளி டம்ளர் மாதிரி. தண்ணீர் குடிக்க உதவாது, அலமாரியில் வைத்து வந்தவர்களுக்குக் காட்டலாம். கல்லறைத் தோட்டத்துக்குள் போனால் தெரியும். வாழ்நாள் முழுக்கக் கருப்பட்டி விற்ற மனிதரின் தலைமாட்டில் ‘லையத்’ என்று வெட்டியிருப்பார்கள், கிடக்கிறார் என்பதற்கு. ‘ஹாத்’ என்றும் ‘டோத்’ என்றும் ஜெபத்தில் யாராவது நாலு தடவை போட்டுவிட்டால் போதும், கூட்டம் உருகிவிடும். அந்த வினைமுடிவுகளில் ஏதோ தெய்வத்தன்மை இருப்பதாக நினைப்பு. ஒரு காலத்தில் இங்கிலாந்தில் மீன்காரியும் வண்டிக்காரனும் அப்படித்தான் பேசினார்கள் என்று வகுப்பில் சொல்வேன். பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

‘தௌ’ என்பது நம்முடைய ‘நீ’. மரியாதைச் சொல்லே அல்ல. வீட்டுக்குள்ளே பிள்ளையைக் கூப்பிட, நண்பனைக் கூப்பிட, வேலைக்காரனை அதட்ட, கடவுளிடம் நெருங்கிப் பேச அந்தச் சொல் இருந்தது. வெளியாட்களிடமும் பெரியவர்களிடமும் ‘யூ’ என்று இன்னொரு சொல் இருந்தது. பிறகு எல்லோருமே எல்லோரிடமும் மரியாதைச் சொல்லையே சொல்ல ஆரம்பிக்க, ‘நீ’ தெருவிலிருந்து காணாமல் போயிற்று. கோயில் என்று நாங்கள் சொல்கிற சர்ச்சில் மட்டும் மிஞ்சியது. அதோடு ஒட்டிவந்த வினைச்சொற்களும் அங்கேயே தங்கிவிட்டன. கோயிலில் மட்டும் கேட்டதால் ஜனங்கள் அதைப் பெரிய மரியாதை என்று எடுத்துக்கொண்டார்கள். எங்கள் ஊரில் ஒருவர் திருச்சபைப் பெரியவர் ஒருவருக்கு வரவேற்பு மடல் எழுதும்போது முழுக்க ‘தௌ’ போட்டு, கண்ணாடிச் சட்டம் மாட்டி, மேடையில் வாசித்தார். நீ வந்தாய், நீ இருந்தாய், நீ செய்தாய் என்று பக்கம் பக்கமாக. வந்தவரும் கைகூப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ‘நீ’க்கு உரிய வினைதான் வில்ட். ‘வில்’ என்பது இன்றைய ஆங்கிலத்தில் நாளை நடக்கப்போவதைச் சொல்லும் துணைச்சொல். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்தது அதுதான். ஆதியில் அதற்கு அந்த வேலை இல்லை. விரும்பு, வேண்டு என்பதுதான் பொருள். நாம் உயில் என்கிறோமே, அதுவே அந்தச் சொல்தான், வெள்ளைக்காரன் வாயிலிருந்து நம் பத்திர ஆபீஸ் வழியாக வந்தது. செத்தவனின் விருப்பம். ஆக, ‘வில்ட் தௌ’ என்றால் நீ செய்வாயா என்று கேட்பது அல்ல. உனக்கு வேண்டுமா என்று கேட்பது. ‘ஷால்ட்’ என்று பக்கத்தில் இன்னொன்று உண்டு. அது கடமையிலிருந்து வந்தது, கட்டளைக்குப் போனது. கட்டளைச் சொல் கையில் தயாராக இருந்தும், கல்யாணத்துக்கு அதை எடுக்காமல் விருப்பச் சொல்லை எடுத்திருக்கிறான் அந்த ஆராதனையை எழுதிய பழைய ஆள். அந்த ஒரு விஷயத்தில் அவனை மதிக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. அந்தக் காலத்து ஆங்கிலத்தில் வேண்டும் என்பதற்கு ஒரு வினை இருந்ததுபோல, வேண்டாம் என்பதற்கும் தனியாக ஒரு வினை இருந்தது. தமிழில் நமக்கு இப்போதும் இருக்கிறது. அவர்களுக்கு அது செத்துவிட்டது. ‘வேண்டும்’ மட்டும் பிழைத்து, அதுவும் வேலை மாறிப்போயிற்று.

பிள்ளை சனிக்கிழமைகளில் வந்தாள். இராஜாக்கமங்கலம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் அவள். கையில் ஒரு கட்டு விடைத்தாளோடு வருவாள், நான் புத்தகத்தை எடுக்கும்வரை திருத்திக்கொண்டிருப்பாள். நாக்கு புரளாது என்று அண்ணன் சொன்னது பொய். முதல் தடவையிலேயே எல்லாவற்றையும் சுத்தமாக வாசித்தாள். சொல்லிக்கொடுக்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

“மாமி, இந்த வில்ட்டுக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டாள். எங்கள் பக்கம் அப்பாவின் தங்கையையும் மாமி என்றுதான் கூப்பிடுவது. “ஃபோன்ல பாத்தா செடி வாடுகதுன்னு போட்டிருக்கு.”

“அது வேற சொல்லு. ரெண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. அத வச்சி கவித ஒண்ணும் எழுதாத.”

சிரித்தாள். பிறகு நான் மேலே சொன்னதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். வாத்தியார் புத்தி, கேட்டால் நிறுத்தத் தெரியாது. அவள் சிவப்புப் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டாள்.

“அப்பம் இந்த ஆராதன முழுக்க எத்தன எடத்துல என்ட கேக்காங்க?”

“இந்த ஓரிடத்துலதான். பாக்கியெல்லாம் அவரு சொல்லச்சொல்ல நீ திருப்பிச் சொல்லுகதுதான்.”

“வேண்டாம்னா என்ன சொல்லணும்?”

வில் என்பதோடு நாட் என்று சேர்த்தால் ஆயிற்று என்றேன். சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். கேள்வி ஆங்கிலத்தைப் பற்றியது அல்ல என்று அப்போது புரிந்தது.

“பிடிக்கல்லியா மக்கா?”

“பிடிக்கல்ல.”

“ஏன்?”

“நீங்களுமா மாமி? பிடிக்கல்ல, அவ்வளவுதான். நாலு தடவ வீடியோல பேசினாரு. நாலு தடவையும் அவரு பேசினாரு. நான் என்ன பாடம் நடத்துகேன்னுகூட அவருக்கு இன்னும் தெரியாது. நல்ல ஆளாத்தான் இருப்பாரு. எனக்கு வேண்டாம்.”

எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கே பஸ் ஏறிப் புதுக்கடைக்குப் போனேன். அண்ணன் முற்றத்தில் பந்தல்காரனோடு நின்று கம்பு ஊன்ற இடம் காட்டிக்கொண்டிருந்தான். மதினி, அதாவது அவன் மனைவி, உள்ளே பலகாரத்துக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தாள். பந்தல்காரன் போகட்டும் என்றுகூட நான் காத்திருக்கவில்லை.

“பிள்ளைக்கு இந்தக் கல்யாணம் வேண்டாமாம்.”

அண்ணன் முதலில் கேட்டது ஒரே ஒரு சொல். “எவன்?”

“எவனும் இல்ல.”

“எவனும் இல்லாம ஒருத்தி எப்பிடி வேண்டாம்னு சொல்லுவா?”

இதுதான் எங்கள் ஊர். ஒரு பெண் வேண்டும் என்று சொன்னால் கெட்டுப்போனவள். வேண்டாம் என்று சொன்னால் அதற்குப் பின்னால் ஒருவன் நிற்கிறான், அவனைக் கண்டுபிடித்துக் காலை உடைக்கவேண்டும். ஒருத்திக்குச் சும்மா ஒன்று பிடிக்காமல் போகலாம் என்பது இவர்கள் மூளையில் ஏறவே ஏறாது. கத்தரிக்காய் பிடிக்காத மாப்பிள்ளைக்குத் தனியாகக் குழம்பு வைப்பார்கள், ஏன் பிடிக்கவில்லை என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள்.

“ஓல வாசிச்சாச்சு,” என்றான். கல்யாணத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமைகளில், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் தெரிவியுங்கள் என்று கோயிலில் அறிவிப்பதை நாங்கள் ஓலை வாசிப்பது என்போம். “ஒருத்தனாவது எழும்பி எதிர்ப்பு சொன்னானா?”

“ஊருல உள்ள எல்லாவனுட்டயும் கேட்டிய. பிள்ளட்ட கேட்டியா?”

மதினி மாவுக் கையோடு வாசலுக்கு வந்தாள். அவள் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. நாத்தனாரை எங்கள் பக்கம் கூப்பிடும்படி மைனி என்று கூப்பிட்டு, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

“மைனி, எனக்குப் பிடிச்சா நான் ஒங்க அண்ணனக் கெட்டினேன்? பைய சரியாவும்.”

அண்ணன் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. பந்தல்காரனிடம் திரும்பி, “நீ குழி எடுலே,” என்றான். பிறகு என்னைப் பார்த்து, “ஒனக்கு ஒரு குடும்பம் அமையல்ல. அவளுக்காவது அமையட்டு. வயத்தெரிச்சல இங்க கொண்டுவராத,” என்றான். நான் வந்த பஸ்ஸிலேயே திரும்பினேன். அவனை நான் அன்றைக்கு வெறுத்ததுபோல யாரையும் வெறுத்ததில்லை.

நான் விலகிக்கொண்டிருக்கலாம். பிள்ளைதான் ஃபோனில், “நீங்க பக்கத்துல நில்லுங்க மாமி,” என்றாள். நின்று என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். சும்மா நின்றால் போதும் என்றாள். ‘சும்மா’ என்ற அந்தச் சொல்லை நான் சரியாகக் கவனிக்கவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் கோயிலில் ஒத்திகை. போதகர் சின்ன வயசுக்காரர், பழைய ஆங்கிலம் அவருக்கும் புதிது. தாளில் ஒவ்வொரு சொல்லுக்கு மேலும் தமிழில் உச்சரிப்பு எழுதிவைத்திருந்தார். பாவமாக இருந்தது. என்னிடம் இரண்டு இடத்தில் சந்தேகம் கேட்டார், சொன்னேன். மாப்பிள்ளை பதில் சொல்லும்போது மைக்கை அவன் வாய்க்கு நேராக நீட்டிப் பார்த்தார். பெண் பதில் சொல்லும் இடம் வந்ததும் மைக் அவர் கையிலேயே இருந்தது.

“பெண்ணுக்கு மைக் வேண்டாமா?” என்று கேட்டேன்.

அவர் சங்கடமாகச் சிரித்தார். “நம்ம பக்கத்துல அப்பிடி வழக்கம் இல்லையேம்மா.”

உண்மைதான், வழக்கம் இல்லை. எத்தனையோ கல்யாணத்தில் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், ஒரு பெண்ணின் பதிலும் என் காதில் விழுந்ததில்லை. பெண் தலையைக் குனிந்துகொண்டு உதட்டை அசைப்பாள். போதகர் அடுத்த வரிக்குப் போய்விடுவார். சத்தமாகச் சொன்னால் பின்பெஞ்சில் சிரிப்பார்கள், பெண்ணுக்கு என்ன அவசரம் என்று. ஒருத்தி கொஞ்சம் பலமாகச் சொல்லிவிட்டாள் என்பதற்காக மாமியார் வீட்டில் வெகுகாலம் குத்திக்காட்டிய கதை எனக்குத் தெரியும். விருப்பத்தைக் கேட்பதற்கென்றே ஒரு சொல்லைக் கடல்தாண்டிக் கொண்டுவந்து, அதை உச்சரிப்பு எழுதிவைத்துக் கேட்டுவிட்டு, பதிலைக் கேட்க மட்டும் காது கொடுக்கமாட்டார்கள். நான் இதைச் சொன்னேன். மாப்பிள்ளையின் அப்பா தூரத்தில் நின்றவர் கிட்டே வந்து, “மேடம், ட்ரடிஷன்னு ஒண்ணு இருக்குல்லா,” என்றார். ட்ரடிஷன் என்பதை மட்டும் அமெரிக்கா மாதிரி சொன்னார்.

மறுநாள் கோயில் நிறைந்து வழிந்தது. பிள்ளை வெள்ளைப் புடவையும் முகத்தை மறைக்கும் நெட்டுமாக வந்தாள். நான் அவளுக்கு இடதுபக்கம், அரையடி பின்னால், கையில் புத்தகத்தோடு நின்றேன். அவள் முகத்தில் அழுகை இல்லை. பரீட்சை அறையில் மேற்பார்வைக்கு நிற்கும் டீச்சர் முகம்போல அமைதியாக இருந்தது. எனக்குத்தான் வியர்த்தது.

போதகர் வரியில் விரலை வைத்துக்கொண்டு வாசித்தார். மாப்பிள்ளையிடம் முதலில் கேட்டார். அவன் ‘ஐ வில்’ என்று கணீரென்று சொன்னான். ஒலிபெருக்கி வழியாக அது ரோட்டுச் சந்திப்பு வரைக்கும் போயிருக்கும். வீடியோக்காரர்கள் நெருங்கி வந்தார்கள். கீபோர்டில் ஒருவன் மெதுவாக ஏதோ வாசித்துக்கொண்டிருந்தான். போதகர் பெண் பக்கம் திரும்பினார். இந்த ஆணை உன் கணவனாகக் கொள்ள உனக்கு விருப்பமா, நோயிலும் சுகத்திலும் அவனோடு இருக்க உனக்கு விருப்பமா என்று நீளமாகப் போகும் அந்தக் கேள்வி. ‘வில்ட்’ என்பதைத் தப்பில்லாமல் சொன்னார். சொல்லிமுடித்துவிட்டு ஒரு மூச்சு விட்டார், கஷ்டமான இடத்தைத் தாண்டிவிட்ட மாதிரி.

பிள்ளை சொன்னாள்: “ஐ வில் நாட்.”

முணுமுணுக்கவில்லை. எதிரே இருப்பவரிடம் சாதாரணமாகப் பேசும் குரலில் சொன்னாள். மூன்று சொல்லும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. மாப்பிள்ளை வீடியோவைப் பார்த்துச் சிரித்தபடி நின்றான். போதகரின் விரல் அடுத்த வரிக்கு நகர்ந்துவிட்டது. அவள் வாய் அசைந்ததைப் பார்த்தார், அவருக்கு அது போதும். பிறகு அவரைக் கேட்டபோது, கேட்கவில்லை என்று சத்தியம் செய்தார். நம்புகிறேன். பெண்ணின் பதிலைக் கேட்கும் பழக்கமே அந்தக் காதுகளுக்குக் கிடையாது.

நான் முன்னால் வந்து அவர் கையைப் பிடித்தேன். “ஐயா, நிறுத்துங்க. பிள்ள வேண்டாம்னு சொல்லிச்சு.”

அவர் கையில் மைக் இருந்ததை நான் யோசிக்கவில்லை. நான் சொன்னது கோயில் முழுக்கக் கேட்டது. கீபோர்டு நின்றது. முதல் பெஞ்சில் மாப்பிள்ளையின் அப்பா எழுந்துவிட்டார். மதினி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அண்ணன் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. என்னைப் பார்க்கக்கூட இல்லை. தன் மகளைப் பார்த்தான்.

போதகர் நல்ல மனிதர், அதைச் சொல்லியாகவேண்டும். ஆங்கிலப் புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்தார். எங்கள் கோயிலில் நான் பார்த்து முதல்முறையாக ஒரு பெண்ணின் வாய்க்கு நேராக மைக்கை நீட்டினார். தமிழில், எல்லோருக்கும் புரிய, மெதுவாகக் கேட்டார்.

“மகளே, பயப்படாத. இந்த மகனை உன் கணவனாக ஏற்றுக்கொள்ள உனக்குச் சம்மதமா?”

சொல்லு மக்கா, இப்போது சொல், இனி யாரும் கேட்கவில்லை என்று சொல்லமுடியாது என்று நான் மனதுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். எனக்கு ஜெயித்துவிட்ட சந்தோஷம்கூட வந்துவிட்டது. அவள் நெட்டுக்குள்ளிருந்து என்னை ஒருதரம் பார்த்தாள். அவ்வளவு கோபமான பார்வையை நான் அவளிடம் பார்த்ததே இல்லை. பிறகு மைக்கைப் பார்த்தாள்.

“சம்மதம்,” என்றாள்.

பின்பெஞ்சில் யாரோ அல்லேலூயா என்றார்கள். கீபோர்டு மறுபடி ஆரம்பித்தது. நான் புத்தகத்தை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். மின்னு என்கிற தாலியைக் கட்டினார்கள், ஜெபித்தார்கள், பாடினார்கள். ஒன்றும் என் காதில் ஏறவில்லை.

ஆராதனை முடிந்து பதிவேட்டில் கையெழுத்துப் போடப் பின்னறைக்குப் போனபோது சாட்சிக் கையெழுத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். மற்றவர்கள் ஃபோட்டோவுக்கு வெளியே நகர்ந்த நேரத்தில் அவள் கையைப் பிடித்தேன். “ஏன் மக்கா?” என்றேன். “வாய்க்கு நேரா மைக்கக் கொண்டுவர வச்சேனே. ஏன் சொல்லல்ல?”

“நான்தான் சொன்னேனே மாமி. கேட்டாங்க, வேண்டாம்னு சொன்னேன். ஆருக்கும் கேக்காதுன்னு தெரிஞ்சுதான் சொன்னேன். கடவுளுக்குக் கேட்டா போரும்னு இருந்தேன்.” கையை உருவிக்கொண்டாள். “அவ்வளவு பேரு முன்னால அப்பாவுக்க மொகத்தப் பாத்துட்டு வேண்டாம்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. அது எனக்குத் தெரியும். அதுக்குத்தான் அந்த எங்கிலீஷுக்குள்ள சொல்லிவச்சேன். எங்க போனாலும், நான் சம்மதிக்கல்லன்னு எனக்குள்ள ஒண்ணு இருக்கும்லா. அதயும் நீங்க எடுத்துப்போட்டிய. இப்ப எனக்க வாயால, எனக்க பாஷயில, ஊருக்கே கேக்கச் சம்மதம்னு சொல்ல வச்சிட்டிய.”

அவளைப் பிடித்து உலுக்கவேண்டும்போல ஆத்திரம் வந்தது. யாருக்கும் கேட்காத வேண்டாம் எதற்கு ஆகும்? அதை வைத்துக்கொண்டு என்ன செய்யமுடியும்? இதெல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் ஃபோட்டோவுக்கு அவளைக் கூப்பிட்டார்கள். போய்விட்டாள். எனக்கு இன்றைக்கும் அந்த ஆத்திரம் தீரவில்லை. யார்மேல் என்றுதான் சொல்லத் தெரியவில்லை.

மண்டபத்தில் நான் சாப்பிடவில்லை. பஸ் பிடிக்கலாம் என்று வாசலுக்கு வந்தேன். பின்னாலேயே அண்ணன் வேகமாக வருவது தெரிந்தது. திட்டப்போகிறான், அடித்தாலும் அடிப்பான் என்று நினைத்து, நானும் திட்டத் தயாராக நின்றேன். அவன் முகம் மலர்ந்திருந்தது.

“ஏட்டி, நீ எழும்பினப்பம் எனக்க உயிரே போச்சு. ஆனா பாத்தியா, நல்லதாப் போச்சு,” என்றான். “நாளைக்கி ஒருத்தன் வாயத் தொறக்கமுடியுமா, இவன் மகளக் கட்டாயப்படுத்திக் கெட்டிக்குடுத்தான்னு? ரெண்டு தடவ கேட்டாச்சு. மைக்குல கேட்டாச்சு. பிள்ள மனசாரச் சம்மதம்னு சொன்னத ஊரே கேட்டுது. அமெரிக்கா வரைக்கும் கேட்டுது. நீ கேக்கலன்னா அது நடந்திருக்குமா?”

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு என் தோளில் கைவைத்தான். “சாப்பிட்டுட்டுப் போ,” என்றான். அந்தக் கையைத் தட்டிவிட்டு நான் ரோட்டில் இறங்கினேன்.